நடுவில் ஓர் ஆள்

போன வாரம் என் தங்கை மகன் சென்னையிலிருந்து போன் செய்தபோது ஒரு கேள்வி கேட்டான். "மாமா, நீங்க ரிட்டையர் ஆகிப் பதிமூணு வருஷம் ஆச்சு. செல்போன், ஜிபே, ஆன்லைன் தரிசனம்னு எல்லாம் தலைகீழா மாறிப்போச்சு. உண்மையைச் சொல்லுங்க, அந்தக் காலம்தான் நல்லா இருந்துச்சா? மனுஷங்ககிட்ட பாசம், பக்தி எல்லாம் கொறஞ்சுபோச்சா?"

"ஆமா மருமகனே, எல்லாம் போச்சு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ராத்திரி படுத்தபிறகு யோசித்தால், சொன்னது பாதி பொய் என்று பட்டது. கிழவன் வாயில் தானாக வந்து விழுகிற பதில் அது. அதனால் மருமகனே, உட்கார்ந்து உனக்கே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த மாமாவைத்தான். நான் தபால் இலாகாவில் சேர்ந்தது 1974இல். சப்-போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றது 2012இல். நடுவில் 38 வருஷமும் திருநெல்வேலிச் சீமையை விட்டு நகரவில்லை. தாமிரபரணிக் கரையில் இந்த ஊரிலிருந்து அந்த ஊர், அங்கிருந்து இன்னொரு ஊர். தபாலும் தந்தியும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த காலம் என்பதால் மோர்ஸ் சாவி தட்டவும் பழகியவன். ஸ்டாம்ப் விற்பது, மணியார்டர் எழுதுவது, சேமிப்புப் புத்தகத்தில் வரவு வைப்பது, கைநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது எல்லாம் ஒரே கவுன்ட்டரில் நடக்கும். கடைசியாகச் சொன்னது வேலையில் சேராது. ஆனால் மத்தியானம் பை கட்டி அனுப்பிய பிறகு கொஞ்சம் நேரம் கிடைக்கும். அப்போது யாராவது இன்லண்டு லெட்டரோடு வந்து நிற்பார்கள்.

பாசம் கூடியதா குறைந்ததா என்று அளக்க என்னிடம் தராசு இல்லை. எனக்குக் கண்கூடாகத் தெரிந்த மாற்றம் ஒன்றுதான். ஒரு மனுஷனுக்கும் இன்னொரு மனுஷனுக்கும் நடுவில், மனுஷனுக்கும் சர்க்காருக்கும் நடுவில், ஏன், மனுஷனுக்கும் சாமிக்கும் நடுவில்கூட ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். இப்போது அவன் இல்லை. அவன் போனது நல்லதா கெட்டதா என்றுதான் நீ கேட்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் 38 வருஷம் நின்றவன் நான். என்னைக் கேட்டால் முதலில் கெட்டதைத்தான் சொல்வேன்.

1978 வாக்கில் நான் இருந்த ஊரில் பாதி வீடுகளுக்குப் பம்பாய்ப் பணம்தான் சோறு போட்டது. எங்கள் பக்கத்தில் பம்பாய் என்றால் பெரும்பாலும் தாராவி. தோல் ஷாப்பிலும் இட்லிக் கடையிலும் வேலை செய்துகொண்டு மாசம் நூறோ நூற்றைம்பதோ அனுப்புவார்கள். மணியார்டர் பாரத்தின் அடியில் கூப்பன் என்று ஒரு துண்டு இருக்கும். அதில் இரண்டு மூன்று வரி எழுதலாம். பணம் நாலு நாளில் கரைந்துவிடும், கூப்பனை மட்டும் அரிசிப் பானைக்குள்ளோ சாமி படத்துக்குப் பின்னாலோ பத்திரமாக வைத்திருப்பார்கள்.

அந்த ஊரில் ஒரு பெண். கல்யாணமாகி ஆறு மாசத்தில் புருஷன் பம்பாய் போய்விட்டான். பதில் எழுத மாமியாரோடு வருவாள். மாமியார் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "இங்கு யாவரும் நலம். உன் நலமறிய ஆவல். மாடு கன்று போட்டது. தம்பிக்கு ஃபீஸ் கட்டணும்." கடைசியில் அந்தப் பெண்ணைப் பார்த்து, "வேற என்னம்மா எழுதணும்?" என்பேன். அவள் மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற ஒண்ணுமில்ல ஐயா" என்பாள். ஒரு நாள் தனியாக வந்தாள். "அடுத்த தடவ வரும்போது என்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்லி எழுதுங்க ஐயா" என்றாள். எழுதினேன். என் கையெழுத்தில் நான் எழுதிய கடிதங்களிலேயே அதுதான் நல்ல கடிதம் என்று இப்போதும் நினைக்கிறேன். பதில் மூன்று வாரத்தில் வந்தது, விலாசம் மாமியார் பேரில். அவளுக்கும் படிக்கத் தெரியாது, தெருவில் யாரையோ பிடித்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் அந்தப் பெண் தனியாக ஆபீசுக்கு வரவே இல்லை.

இன்றைக்கு எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் புருஷன் துபாயில். காதில் ஒரு வயரைச் சொருகிக்கொண்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவனோடு சண்டை போடுகிறாள், சிரிக்கிறாள், அழுகிறாள். என்ன பேசுகிறார்கள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. கடிதத்தில் இருந்த சுகம் செல்போனில் இல்லை என்று பட்டிமன்றத்தில் பேசுகிறவர்கள் எல்லாரும் தன் கடிதத்தைத் தானே எழுதி, தானே படித்தவர்கள். மற்றவர்களின் ரகசியமெல்லாம் என்னைப் போல ஒரு குமாஸ்தாவின் தலைக்குள் கிடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் இருந்த ஓர் ஊரில் தபால் கொண்டுபோகிறவர் காலனித் தெருவுக்குள் கால் வைக்க மாட்டார். ஊர் எல்லையில் புளியமரம். அதனடியில் சைக்கிளை நிறுத்தி பெல் அடித்து, பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். தெருவே அங்கே வந்து வாங்கிப் போகும். மேலத் தெருவுக்கு மட்டும் வாசல் வரை போய், நடைக்கு உள்ளே எட்டிக் குரல் கொடுப்பார். முதியோர் உதவித் தொகை மணியார்டர் வந்தால் அந்த மரத்தடியிலேயே அஞ்சோ பத்தோ எடுத்துக்கொள்வார். எனக்குத் தெரியும். ஆறேழு மாசம் தெரியாத மாதிரி இருந்தேன். பிளஸ் டூ படித்த பையன் ஒருவன் வந்து, "சார், கவருல எங்க தெரு பேரு போட்டிருக்கு. மரத்தோட பேரு போடல" என்று சொன்ன பிறகுதான் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். அதற்குப் பின் தெருவுக்குள் போனார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அந்தப் பையன் கேட்காமல் இருந்திருந்தால் நானாகச் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது உதவித் தொகை நேராகக் கணக்கில் விழுகிறது. போனுக்கு மெசேஜ் வருகிறது. கையை நீட்ட நடுவில் ஆள் இல்லை. இதில் எனக்கு ஏக்கம் ஒன்றும் கிடையாது.

அப்படியானால் ராத்திரி தூக்கம் வராமல் எதை நினைத்துக்கொண்டிருந்தேன்? தந்தியை.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது, நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம். 160 வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஓடிய சேவை. கடைசி நாளில் ஜனங்கள் வரிசையில் நின்று தங்களுக்கே தந்தி அடித்துக்கொண்டார்கள், ஞாபகார்த்தமாக. செய்தியில் பார்த்துச் சிரித்தேன். தந்தி ஓகோ என்று நடந்த காலத்தில் யாரும் அதை ஆசையாக வாங்கியதில்லை. சைக்கிள் வாசலில் நின்றாலே வீட்டுக்குள் அழுகை தொடங்கிவிடும், பிரித்துப் பார்த்தால் பையனுக்கு இன்டர்வியூ என்று இருக்கும்.

ஒரு விஷயம், வாழ்த்துத் தந்திக்கு எண்கள் உண்டு. கல்யாண வாழ்த்துக்கு ஓர் எண், பண்டிகைக்கு ஓர் எண். எண்ணைத் தட்டினால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாக எழுதிக் கொடுப்பார்கள். நீ செல்போனில் அனுப்புகிற கைகூப்பின பொம்மைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரெடிமேட் அன்பு எங்கள் காலத்திலும் கவுன்ட்டரில் விற்றது. பொய்யும் விற்றது. 'அம்மா சீரியஸ், உடனே புறப்படு' என்று பட்டாளத்தில் இருக்கிற பையனுக்குத் தந்தி அடிக்க, அந்த அம்மாவே வந்து நிற்பாள். தீபாவளிக்கு லீவு கிடைக்க வேறு வழியில்லை. "நல்லா இருக்கியேம்மா" என்றால், "நீங்க அடிங்க ஐயா, ஆயுசு கூடும்" என்பாள்.

சாவுத் தந்திக்கு வருகிறேன். ஓர் ஊரில் எனக்குக் கீழே தந்தி கொண்டுபோனவர் நாலாம் வகுப்புப் படித்தவர். இங்கிலீஷ் தெரியாது. சாவுச் செய்தி என்றால் நான் காதில் சொல்லி அனுப்புவேன். அவர் நேராக அந்த வீட்டுக்குப் போக மாட்டார். பக்கத்து வீட்டில் போய்த் தண்ணீர் கேட்பார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த வீட்டுப் பெண்களிடம் விஷயத்தைச் சொல்வார். அவர்கள் இரண்டு பேர் பின்வாசல் வழியாகப் போய், சம்பந்தப்பட்டவள் பக்கத்தில் சும்மா போல உட்கார்ந்த பிறகுதான் இவர் முன்வாசலில் மணி அடிப்பார். கையெழுத்து வாங்க அவசரப்பட மாட்டார். எந்த ரூல் புத்தகத்திலும் இது கிடையாது. இதற்கு ஒரு காசு கூடுதல் சம்பளமும் கிடையாது. புளியமரத்தடியில் நின்றவரும் இதே இலாகாதான், இவரும் இதே இலாகாதான். இரண்டு பேருக்கும் காக்கிச் சட்டை ஒன்று.

போன வருஷம் கோயம்புத்தூரில் எங்கள் அத்தான் இறந்துபோனார். உன் அத்தைக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். காலை ஆறு மணிக்கு அடுப்படியில் பால் காய வைத்துவிட்டு போனை எடுத்திருக்கிறாள். சொந்தக்காரப் பையன் ஒருவனின் ஸ்டேட்டஸில் மாலை போட்ட படம். நான் கொல்லையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பால் பொங்கித் தீய்ந்த வாடை வந்துதான் உள்ளே வந்தேன். அந்தப் பையன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவன் துக்கத்தில் போட்டிருப்பான். ஆனால் அவள் பக்கத்தில் வந்து உட்கார யாரும் அனுப்பப்படவில்லை.

இப்படித்தான் என் கணக்கு எப்போதும் நேராகாமல் இருக்கிறது. ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் கழிகிறது.

நவம்பர் மாசத்தை எடுத்துக்கொள். மத்திய சர்க்கார் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டிய மாசம். எண்பது வயது தாண்டியவர்களுக்கு மட்டும் அக்டோபரிலேயே தொடங்கலாம் என்று சலுகை. 2014இல் ஜீவன் பிரமாண் என்று கைரேகை வைத்துக் கொடுக்கிற முறை வந்தது. 2021 முதல் செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும். போன நவம்பரில் உன் அத்தை போனைப் பிடித்துக்கொள்ள, நான் கண்ணைச் சிமிட்டினேன். பனியனோடுதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷத்தில் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் வந்துவிட்டது. அதுவும் முடியாதவர்களுக்கு 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வருகிறார்.

முன்பு என்ன நடக்கும் தெரியுமா? பக்கவாதம் வந்தவரை மகன்கள் இரண்டு பேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். படியேற்ற முடியாமல் வாசலிலேயே நிற்கும். கவுன்ட்டரில் இருக்கிறவன் எழுந்து நாலடி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும். நான் பல நாள் போயிருக்கிறேன். சில நாள் வரிசை நீளமாக இருக்கும், 'கொஞ்சம் பொறுங்க' என்று சொல்லி முக்கால் மணி நேரம் வெயிலில் ஆட்டோவை நிற்க வைத்ததும் உண்டு. அந்தக் கண் சிமிட்டலைக் கண்டுபிடித்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் அந்த நவம்பர் வரிசையில் இன்னொன்றும் நடந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். யார் குச்சி ஊன்றத் தொடங்கிவிட்டார், யாருக்குக் கண் ஆபரேஷன், யாரைக் காணோம் என்று கண் தேடும். இப்போது என்னோடு வேலை பார்த்தவர் செத்துப்போன செய்தி எனக்கு நாலு மாசம் கழித்துத் தெரிகிறது. அரசாங்கத்துக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

சரி, பக்திக்கு வருகிறேன். நீ முக்கியமாகக் கேட்டதும் அதுதான்.

பக்தியைப் பற்றித் தபாலாபீஸ்காரனுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. கார்த்திகை, மார்கழியில் பை பிரித்தால் விபூதி வாசனைதான் முதலில் வரும். அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் மணியார்டரில் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் பணம் போகும். கொஞ்ச நாளில் கோயிலிலிருந்து விபூதியும் குங்குமமும் மடித்த கவர் வரும். குங்குமம் கசிந்து பக்கத்தில் இருந்த கோர்ட்டு நோட்டீஸெல்லாம் சிவந்து போயிருக்கும். சபரிமலை சன்னிதானத்துக்குத் தனியாக ஒரு பின்கோடே உண்டு, 689713. அந்தத் தபாலாபீஸ் வருஷம் முழுக்க இயங்குவதில்லை, சீசனுக்குத்தான் உயிர் வரும். அங்கே அடிக்கிற முத்திரையில் பதினெட்டுப் படியும் ஐயப்பன் உருவமும் இருக்கும். 'சுவாமி ஐயப்பன், சபரிமலை' என்று விலாசம் எழுதி ஜனங்கள் கடிதம் போடுவார்கள். கல்யாணப் பத்திரிகை, கடன் தீர வேண்டுதல், பையன் பாஸாக வேண்டும் என்று எல்லாம் போகும். எங்கள் ஊரிலிருந்து போன கடிதங்களில் தேதி முத்திரையை நானே குத்தியிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் சீனியர் ஒருவர் சொன்னார், அவர் பக்கா தொழிற்சங்கத்துக்காரர், கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்: "தம்பி, எந்தக் கவருல வேணும்னாலும் 'விலாசதாரர் இல்லை'ன்னு எழுதி திருப்பி அனுப்பலாம். இதுல மட்டும் எழுத நமக்கு அதிகாரம் கிடையாது."

இப்போது அதெல்லாம் திரையில் நடக்கிறது. 2016இல் கங்கைத் தண்ணீரைப் பாட்டிலில் தபாலாபீசிலேயே விற்கத் தொடங்கினார்கள். 2020இல் சபரிமலைப் பிரசாதம் ஸ்பீடு போஸ்ட்டில் வரத் தொடங்கியது. திருப்பதி 300 ரூபாய் டிக்கெட்டுக்கு நீயே மூன்று செல்போனை வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்திருந்தாய், கட்டைவிரல் நடுங்க. அதைப் பார்த்து இது என்ன பக்தி என்று நானும் கேலி பேசியவன்தான்.

உன் அத்தை என் வாயை அடைத்துவிட்டாள். அவளுக்கு முட்டி வலி, மலைக்கோயில் எதற்கும் போக முடியாது. திருக்கார்த்திகை அன்று சாயந்திரம் டிவி முன்னால் அகல் விளக்குகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்காருவாள். திருவண்ணாமலையில் மலை மேல் தீபம் தெரிந்ததும் எழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டு விளக்குகளை ஏற்றுவாள். "டிவிக்கா கும்பிடுற?" என்று ஒரு தடவை கேட்டேன். "கூட்டத்துல போய் நின்னா எனக்கு முன்னால நிக்கிறவன் முதுகுதான் தெரியும். இங்க தீபம் தெரியுது" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

சாமிக்கு முன்னால் யார் முதுகு நிற்கிறது என்பது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை, மருமகனே. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனார். அதற்கு எவ்வளவு எதிர்ப்பு! நான் பிறந்தது 1952இல், அதற்கு வெறும் 13 வருஷம் முன்னால் நடந்த சங்கதி. எல்லாச் சாதியிலும் பயிற்சி பெற்றவர்களை அர்ச்சகர்களாக நியமித்த ஆணை 2021 ஆகஸ்டில்தான் கைக்கு வந்தது. நடுவில் நிற்கிற ஆள் யார் என்கிற சண்டை கோயிலில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதோடு ஒப்பிட்டால் ஆன்லைன் டிக்கெட் ஆதார் எண்ணைக் கேட்பது பெரிய குற்றமாக எனக்குத் தோன்றவில்லை. காசு கொடுத்தவனுக்குக் கிட்டே, கொடுக்காதவனுக்குத் தூரம் என்று வரிசை பிரிப்பதுதான் எரிச்சல். அது செல்போனுக்கு முன்பே வந்துவிட்ட வியாதி.

பக்தி குறைந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் பங்குனி உத்திரத்துக்கு நம் சாஸ்தா கோயிலுக்கு வந்து பார். நீ வந்து நாலு வருஷம் ஆகிறது. பனங்காட்டுக்கு நடுவில் ஓட்டுக் கூரை, சுற்றி ஒன்றும் கிடையாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது மாட்டு வண்டியில் பத்துப் பதினைந்து குடும்பம் வரும். இந்த வருஷம் கார் நிறுத்த இடமில்லை. பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள், தமிழ் தடுமாறுகிற பேரப் பிள்ளைகள் உட்பட. எப்படி? வாட்ஸ்அப் குரூப். மூன்று தலைமுறையாகத் தொடர்பு விட்டுப்போன பங்காளிகளை ஒருவன் தேடித் தேடிச் சேர்த்துவிட்டான். பூஜை வரியை முன்பு வீடு வீடாக நடந்து பிரிப்போம், கணக்கில் சண்டை வரும். இப்போது வரி ஜிபேயில் வருகிறது, கணக்கை குரூப்பில் போடுகிறார்கள், சண்டை குரூப்பிலேயே வருகிறது. பொங்கல் வைக்க அடுப்புக்கு இடம் பிடிக்கிற சண்டை மட்டும் பழைய மாதிரி நேரில்தான்.

அதே குரூப்பில்தான் குப்பையும் வருகிறது. 'இந்தப் படத்தை 11 பேருக்கு அனுப்பு, மாலைக்குள் நல்ல செய்தி வரும்' என்கிறார்கள். கலிகாலம் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன், இதைக் கண்டுபிடித்தது செல்போன் இல்லை. எண்பதுகளில் எங்கள் ஆபீஸ் வழியாக இதே சமாச்சாரம் அஞ்சலட்டையில் வந்தது. வேங்கடாசலபதி பேரிலும் மாதா பேரிலும் பாபா பேரிலும். 'இதைப் பார்த்தவுடன் 13 பேருக்கு எழுது. எழுதிய ஒருவருக்கு லாட்டரி விழுந்தது. கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார்.' என்ன வித்தியாசம் என்றால், 15 காசு கார்டு பதின்மூன்று வாங்க வேண்டும், கை வலிக்க எழுத வேண்டும். பயந்தாங்கொள்ளிகள்கூட ஏழாவது கார்டில் சாமி மன்னிப்பார் என்று நிறுத்திவிடுவார்கள். இப்போது பயத்தைப் பரப்ப ஒரு பைசா செலவில்லை, விரலும் வலிக்காது.

பயத்தை வைத்துப் பிழைக்கிறவர்களும் அதனால்தான் பெருகிவிட்டார்கள். எனக்கே ஒரு மெசேஜ் வந்தது. 'உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது. விலாசம் முழுமையாக இல்லாததால் இரண்டு முறை முயன்றும் கொடுக்க முடியவில்லை. 48 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் விலாசத்தைச் சரிசெய்யவும்.' தபால்காரனிடமே தபால் மோசடி! விலாசம் சரியில்லை என்றால் அந்தப் பகுதித் தபால்காரர் தெருவில் நாலு பேரிடம் விசாரிப்பார். கிடைக்கவில்லை என்றால் சில நாள் ஆபீசில் வைத்திருந்துவிட்டு அனுப்பியவருக்கே திரும்பும். அனுப்பியவர் விலாசமும் இல்லை என்றால் அதற்கென்று இருக்கிற அலுவலகத்துக்குப் போகும். செல்போனுக்கு இணைப்பு அனுப்பி விலாசம் கேட்கிற வழக்கமே கிடையாது. இதை நான் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

என் சிநேகிதர் ஒருவருக்கு வந்தது இன்னும் மோசம். வேறு இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். 'உங்கள் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்' என்று வீடியோவில் போலீஸ் உடுப்போடு ஒருவன். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. ஆனால் மனுஷன் பயந்துபோய் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பூஜை அறையில் கேமரா முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். பெண்டாட்டியிடம்கூடப் பேசவில்லை. மறுநாள் டெபாசிட்டை உடைத்து அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பப் போயிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்த பெண், வயசு இருபத்தஞ்சு இருக்குமாம், "சார், ஏன் கை இப்படி நடுங்குது? யாராவது போன்ல மிரட்டுறாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், மனுஷன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அவளே 1930க்கு, சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, போன் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பதினெட்டு லட்சம் தப்பியது. பணத்தை வீட்டில் இருந்தபடியே போனில் அனுப்பத் தெரிந்தவராக இருந்திருந்தால்? அந்த நடுங்கிய கையை யார் பார்த்திருப்பார்கள்?

2025இலிருந்து ரிஜிஸ்டர் தபால் என்று தனியாக ஒன்று கிடையாது, ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். பேப்பரில் படித்த அன்று யாரோ செத்த மாதிரி இருந்தது. அப்புறம் யோசித்தேன், கடைசியாக நான் ரிஜிஸ்டர் தபால் அனுப்பியது எப்போது என்று. ஞாபகம் வரவில்லை. சரி, போகட்டும்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். நம் தெருக் கோடியில் பீடி சுற்றுகிற ஓர் அம்மா இருக்கிறாள், உனக்கும் தெரியும், சொளவை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பாளே. நாற்பது வருஷம் இலை சுருட்டி அவள் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் வைத்தால் ஆள் அடையாளம் தெரியவில்லை என்கிறது, வேறு விரல், வேறு விரல் என்று பத்தையும் வைத்துப் பார்க்கிறார்கள். கடைப் பையன் நல்லவன், எப்படியோ வழி பண்ணி அரிசி கொடுத்துவிடுகிறான். அந்த அம்மாவுக்கு மகன் ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதில் வருகிற மெசேஜெல்லாம் இங்கிலீஷ். காலை பத்து மணிக்கு நான் பேப்பர் படித்து முடிக்கிற நேரம் பார்த்து வந்து நிற்பாள்.

"அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க."

நேற்று வந்தது ஓர் ஓடிபி. கேஸ் சிலிண்டருக்கு. "இந்த நம்பர யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா. சிலிண்டர் கொண்டு வர்ற பையன்கிட்ட மட்டும், அதுவும் சிலிண்டர் உள்ள வந்தப்புறம் சொல்லணும். வேற யாரு போன்ல கேட்டாலும் சொல்லாத. எங்கிட்டகூடச் சொல்லாத" என்றேன்.

"ஒங்ககிட்ட காட்டித்தான அண்ணாச்சி வாசிக்கவே முடியுது" என்று சிரித்துவிட்டு, போனை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.